அலசிக் குடித்த கோப்பை

என் மருமகள் என்னை டீ ருசி பார்க்கிற ஆளாக வைத்தபோது, அதற்கு என்ன தகுதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிற ஆள் இல்லை. அஞ்சாவது வரைக்கும் படித்தேன். எழுத வரும், பேசத்தான் வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் வேறு யாராவது "நிறுத்துங்க" என்று சொல்வார்களா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாரும் சொல்லாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவேன். கள்ளக்குறிச்சியில் நான் நடக்காத ரோடு கம்மி.

மருமகள் அப்படி இல்லை. உளுந்தூர்பேட்டைப் பெண். அவள் அப்பாவுக்கு அங்கே ரோட்டோரம் ஓட்டல். லாரிக்காரர்களுக்கு இட்லி வைத்து வளர்ந்தவள், அதனால் வாய் நன்றாகத் திறக்கும். பெங்களூரில் ஒரு டீ கம்பெனியில் வேலை பார்த்தாள். என் பையனுக்கு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லில் வேலை. கல்யாணமான புதிதில் குடும்பம் பாதி பஸ்ஸிலேயே நடந்தது. அப்புறம் அவள் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டாள். வெள்ளிமலையில் டீக்கடை போடப்போகிறேன் என்றாள்.

"அங்கதான் ஏற்கெனவே டீக்கடை இருக்குதே" என்றான் பையன்.

"அது டீ. நான் போடறது வேற."

அது எப்படி வேறு என்பது கூரியரில் வந்தது. டப்பா டப்பாவாக இறக்கினாள். ஒவ்வொன்றின் மேலும் இங்கிலீஷில் ஒரு பலகாரத்தின் பேர். குலாப் ஜாமூன், ரசமலாய், கேரட் அல்வா, பிளம் கேக், சாக்லேட் புதினா, கேரமல். திறந்து பார்த்தால் ஜாமூனும் இல்லை, அல்வாவும் இல்லை. தூளாகக்கூட இல்லாமல் முழு டீ இலை சுருண்டு கிடந்தது. நடுவில் காய்ந்த ரோஜா இதழ், பாதாம் சீவல், பட்டைத் துண்டு. மசாலா அரைக்கச் சாமான் வந்திருக்கிறது என்றுதான் நான் முதலில் நினைத்தேன். முறத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன். அவள் முறத்தைப் பார்த்தாள். நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

"அத்தை, நீங்கதான் ருசி பாத்து சொல்லணும்" என்றாள். "எனக்குக் குடிச்சுக் குடிச்சு நாக்கு மரத்துப் போச்சு. எதைக் குடிச்சாலும் நல்லாத்தான் தோணுது. கடைக்கு வரப்போறது பஸ்ஸுல போறவங்களும் மலைக்காரங்களும். அவங்க நாக்கும் உங்க நாக்கும் ஒண்ணு."

கடைக்காக அவள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. பெங்களூர் கம்பெனிக்காரர்கள் வேறு அடிக்கடி போன் செய்து திரும்ப வருகிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொங்கல் வரைக்கும் பார்க்கிறேன், ஓடவில்லை என்றால் பழையபடி அங்கேயே போய்விடுகிறேன் என்று அவளே பையனிடம் சொல்லியிருந்தாள். எனக்கு அது காதில் விழுந்தது. வீட்டில் ஒருத்தி சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது நல்லது. நாம் பேச வேண்டிய வேலை மிச்சம். அதனால் நாக்கை நீட்டச் சம்மதித்தேன்.

ருசி பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். சின்ன வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் இலையைப் போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, போனில் மணி அடிக்கும் வரை காத்திருந்தாள். வடிகட்டினாள். பால் இல்லை, சர்க்கரை இல்லை.

பையன் ஷிப்ட் முடித்து வந்தவன் ஒரு கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தான். "ஊருக்கெல்லாம் சக்கரை மூட்டை புடிக்கறவன் வூட்டுல ஒரு ஸ்பூன் சக்கரைக்கு வழியில்ல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

"அவர் கெடக்கறாரு. நீங்க உறிஞ்சிக் குடிங்க அத்தை. சர்ர்ருனு சத்தம் வரணும். அப்பத்தான் வாய் பூரா பரவும்."

எனக்குச் சத்தம் வராது. நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் மருமகள் டீ குடிக்கிற சத்தம் கூடம் வரைக்கும் கேட்கக்கூடாது. என் மாமியார் இருந்தவரைக்கும் நான் டீ குடிக்கிறவள் என்பதே அவருக்குத் தெரியாது. உதட்டைக் குவித்து இழுத்துப் பார்த்தேன். காற்றுதான் வந்தது.

"சரி, உங்க இஷ்டத்துக்குக் குடிங்க. ருசி பாத்ததும் இதுல துப்பிடுங்க" என்று ஒரு எவர்சில்வர் சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். பெங்களூரில் அப்படித்தானாம். சம்பளம் கொடுத்துத் துப்பச் சொல்கிறார்கள். நான் சொம்பைப் பார்த்தேன். போன ஆடிக்குக் கூழ் மொண்டு கொடுத்த சொம்பு. அதுவும் மருமகள் கையால் ஊற்றிக் கொடுத்ததை அவள் கண் முன்னாலேயே துப்புவதா? எல்லாவற்றையும் விழுங்கினேன்.

குலாப் ஜாமூனில் ஏலக்காயும் ரோஜாவும் மணத்தது. குடித்தால் வெறும் கஷாயம். கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பது மாதிரி. வாசனை வருகிறது, இலை போடவில்லை.

"எப்படி இருக்குது அத்தை?"

"நல்லா இருக்குதும்மா."

ரசமலாயும் நல்லா இருக்குது. கேரட் அல்வாவில் கேரட் சருகு மிதந்தது. அதுவும் நல்லா இருக்குது. பிளம் கேக் சொத்தைப் பல்லில் கிராம்பு வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"இது?"

"நல்லா இருக்குதும்மா."

"எல்லாமே நல்லா இருந்தா நான் எப்படித்தான் ஒண்ணைப் புடிக்கறது?" என்றாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தர் கொடுத்ததைக் குடித்துவிட்டு நன்றாக இல்லை என்று நான் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை. அந்த வார்த்தை எந்தப் பக்கமாக வாயை விட்டு வரும் என்றே தெரியாது.

அடுத்தது கேரமல். சர்க்கரையைக் கருக்குவதாம். எங்கள் வீட்டில் அது கவனமில்லாதபோது நடக்கும், அவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போடாமலே வெல்லப்பாகு தொண்டையில் இறங்கிய மாதிரி இருந்தது. ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் எனக்கு ஒரு பழக்கம், அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்துவிடுவேன். பொம்பளை ஆசைப்பட்டுக் குடித்தாள் என்று நாலு பேருக்குத் தெரியக்கூடாது. அன்றைக்கும் வைத்தேன். "நல்லா இருக்குதும்மா" என்று மற்றதுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னேன்.

கடைசியில் சாக்லேட் புதினா. அதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தர் வந்து மிட்டாயை வாயில் போட்டால் எப்படியோ அப்படி. நாக்கு ஒரு பக்கம் சில்லென்றும் ஒரு பக்கம் கசப்பாகவும் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எப்படியோ முழுக்க விழுங்கினேன். ருசி போகவில்லை. கொப்பளித்தால் தேவலை என்று இருந்தது. கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்று சுழற்றி வாயில் விட்டுக்கொண்டேன். துப்ப வேண்டியதுதான். அவள் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் விழுங்கினேன்.

அவள் முகம் மலர்ந்துபோனது. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வீட்டுக்கு ஒரு மூட்டை வந்தது. நெல் மூட்டையைவிடச் சின்னது, ஆனால் மூட்டைதான். வாசலில் இறக்கும்போதே புதினா வாசனை தெரு முழுக்கப் போனது.

"உங்களாலதான் அத்தை" என்றாள். "எல்லாத்தையும் வாயால நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னீங்க. எனக்கா தெரியாது? கோப்பையைத்தான் பாத்துகினே இருந்தேன். இதை மட்டும்தான் அலசிக் குடிச்சீங்க. அதான் வேற எதையும் வாங்கல. கடை பூரா இது ஒண்ணுதான்."

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். கூழோ பாலோ பாயசமோ, குடித்தது மனசுக்குப் பிடித்துவிட்டால், டம்ளரில் துளி தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்துவிடுவோம். வாயால் நல்லா இருக்குது என்பது மரியாதைக்கு. அலசிக் குடித்தால்தான் நிஜம். விருந்து வைத்தவள் வாயைப் பார்க்கமாட்டாள், டம்ளரைத்தான் பார்ப்பாள். உளுந்தூர்பேட்டையிலும் அதே வழக்கம்தான் போலிருக்கிறது. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

"நீங்க கேரமல மிச்சம் வச்சதையும் பாத்தேன். பெங்களூர்ல அதுதான் நல்லா போவும். பரவால்ல, இங்க வேற ருசி" என்றாள்.

"சந்தோஷம்மா" என்றேன்.

அன்றிலிருந்து "அது நல்லா இல்ல" என்று சொல்லப் பழகினேன். குழம்பு கொதிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். துணி காயப் போடும்போது சொல்லிப் பார்ப்பேன். தனியாக இருக்கும்போது நன்றாகவே வந்தது. அவள் எதிரில் வந்தால் "சாப்ட்டியா" என்று மாறிவிடும். பையனிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாம்மா சொல்ற? கொப்பளிச்சியா?" என்றான். "போர்டு எழுதிட்டாம்மா. பல்லு தெரியச் சிரிச்சுகினு திரியறா. நான் போயி இன்னான்னு சொல்றது? நீ கொப்பளிச்சதை நீயே சொல்லு."

கடை திறக்கிற அன்றைக்கு விடிந்ததும் கிளம்பினோம். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. மூட்டை முந்தின நாளே லோடு ஆட்டோவில் போய்விட்டது. மருமகள் அடுப்பு, பால் கேன், ஒரு பை நிறைய ருசி பார்த்த டப்பாக்கள் எல்லாவற்றோடும் பஸ்ஸில் ஏறினாள். அந்த டப்பாக்களைக் கடையில் அழகுக்கு அடுக்கி வைக்கப்போகிறாளாம். கச்சிராயபாளையம் தாண்டி அணைக்கட்டு தெரிந்தபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பஸ் முதல் வளைவில் திரும்பியது. வாயை மூடிக்கொண்டேன். மலை ஏறும்போது வாயைத் திறந்தால் வார்த்தை மட்டும் வரும் என்று சொல்ல முடியாது. மேலே போகிற வரைக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "அது நல்லா இல்ல, அது நல்லா இல்ல" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டுப் பொம்பளை சாமி மந்திரம் என்று நினைத்து நகர்ந்து இடம் விட்டாள்.

வெள்ளிமலைக்குக் கொஞ்சம் முன்னால், அருவிக்குப் பிரிகிற இடத்தில் கடை. தகரக் கூரை. போர்டில் ஒரு கோப்பை, அதற்கு மேல் பச்சை இலை ஒன்று வரைந்திருந்தது. இடம் ஒரு மலைக்கார அம்மாவுடையது. என் வயசு இருக்கும். பின்னால் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தார். இடுப்பில் கொடுவாளோடு கொல்லையிலிருந்து நேராக வந்துவிட்டார்.

இடத்துக்காரர்தானே முதலில் குடிக்க வேண்டும். மருமகள் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, முதல் கோப்பையை ரெண்டு கையாலும் நீட்டினாள். அந்த அம்மா வாங்கி ஒரு வாய் குடித்தார். மலையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். கோப்பைக்குள் பார்த்தார்.

"நான் காலையிலயே பல்லு வெளக்கிட்டேம்மா" என்றார்.

மருமகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "புதுசா இருக்கறதால அப்படித் தெரியுதுக்கா. குடிக்கக் குடிக்கப் புடிச்சுடும். எங்க அத்தைக்கு எல்லாத்துலயும் இதுதான் புடிச்சுது. அலசியே குடிச்சாங்க."

"நெசமாவா?" அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இதையா அலசிக் குடிச்ச?"

கீழே வளைவில் பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. மருமகள் கோப்பைகளை வரிசையாக வைத்து எல்லாவற்றிலும் புதினாவைப் போட ஆரம்பித்திருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் இதைக் குடித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் அப்புறம் என்றைக்கும் இந்த இடத்தில் இறங்கமாட்டார்கள். "நல்லா இருக்குது" என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அது எப்போதும் அங்கேதான் நிற்கும். பொங்கலுக்கு அப்புறம் வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"எனக்குப் புடிக்கலம்மா" என்றேன்.

மருமகளின் கை அப்படியே நின்றது. "இன்னா அத்தை?"

"அது நல்லா இல்ல."

"அப்ப ஏன் அலசிக் குடிச்சீங்க?"

"கொப்பளிச்சேன்."

"கொப்பளிச்சா துப்பணும் அத்தை!"

"உம் முன்னாடி எப்படித் துப்பறது?"

"துப்பத்தான சொம்பு வச்சேன்!"

"அது கூழு ஊத்தற சொம்பு."

மலைக்கார அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மூட்டை மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கொடுவாள் இடுப்பில் இடித்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார். மருமகள் சிரிக்கவில்லை.

"கேரமல மிச்சம் வச்சீங்க?"

"அது புடிச்சுது."

"புடிச்சா மிச்சம் வைப்பீங்களா?"

"ஆமா."

"இன்னா குடும்பம்டா சாமி இது!" என்று கத்தினாள். ரோட்டோரம் நின்ற மாடு திரும்பிப் பார்த்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு என்னமோ நிம்மதியாக இருந்தது. வேறு யாராவது "நிறுத்துங்க" என்று சொல்ல, நாமும் இறங்கிக்கொண்ட மாதிரி.

பஸ் வந்து நின்றது. மருமகள் பைக்குள் கையை விட்டு டப்பாக்களைக் கலைத்தாள். கேரமல் டப்பாவில் பாதிக்கு மேல் இருந்தது. கோப்பைகளில் போட்ட புதினாவை அப்படியே ஒரு தட்டில் கவிழ்த்தாள். கேரமல் இலையில் டிகாஷனைக் கெட்டியாக இறக்கி, பால் ஊற்றினாள். "இது பால தாங்கும்" என்று என்னிடம் சொல்லவில்லை, அடுப்பிடம் சொன்னாள். யாரையும் கேட்காமல் சர்க்கரையும் போட்டாள். நான் கோப்பையை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் கொடுத்ததால் அந்த வேலை எனக்கு வந்தது.

குடித்தவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. டிரைவர் திருப்பித் தருவதற்கு முன்னால் கோப்பையின் அடியை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துவிட்டு, எடுத்துவிட்டு, "இன்னொண்ணு போடும்மா" என்றார். பஸ் கொஞ்சம் லேட்டாகத்தான் போனது.

அப்புறம் கேரமல் வாங்கினாள். புதினா மூட்டையை என்ன செய்வது என்று ரொம்ப நாள் தெரியாமல் இருந்தது. அருவி பார்க்க சென்னையிலிருந்து பைக்கில் பையன்கள் வருவார்கள். ஒருத்தன் போர்டில் பச்சை இலையைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்றான். மருமகள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. குடித்துவிட்டு வீட்டுக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரம் அவன் கூட்டாளிகள் வந்தார்கள். விடியற்காலையில் கிளம்பி வருகிற பையன்கள், பல் விளக்க நேரம் இருந்திருக்காது. மூட்டை இப்போது பாதிக்கு வந்துவிட்டது.

பொங்கல் வந்தது, போனது. பெங்களூர் கம்பெனியிலிருந்து போன் வந்தபோது மருமகள் கடையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டு, "இல்லீங்க, இங்க கடை நடந்துகினு இருக்குது" என்றாள். பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். பால் பொங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டில் ருசி பார்ப்பது இன்னும் நடக்கிறது. புது டப்பா வந்தால் கோப்பை வைக்கிறாள். ஆனால் கோப்பையைப் பார்ப்பதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறாள். வாயால்தான் சொல்ல வேண்டும். முதலில் "நல்லா இல்ல" என்பதை உள்ளுக்குள்ளேயே சொன்னேன். "கேக்கல" என்று ரெண்டாம் தடவை சொல்ல வைத்தாள். இப்போது ஒரே தடவையில் வருகிறது. தேங்காய் பர்பி என்று ஒன்று வந்தது. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் மாதிரி இருக்குது என்று நானாகவே சொன்னேன். பையன் சோற்றிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தான்.

போன வாரம் அவள் மலையிலிருந்து களைத்து வந்தாள். நான் எப்போதும் போல இஞ்சி தட்டிப்போட்டுப் பால் டீ கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே அத்தை?"

"சொல்லும்மா."

"உங்க டீயில இஞ்சி ஜாஸ்தி. தொண்டை எரியுது."

"இத்தினி நாளா சூப்பர் சூப்பர்னு குடிச்சுகினு இருந்தியே?"

"ஒரு நாளாவது அலசிக் குடிச்சேனா?"

யோசித்துப் பார்த்தேன். குடித்ததில்லை.

மறுநாள் இஞ்சியைக் குறைத்தேன். டம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். குடிக்கிற சத்தம் சர்ரென்று கேட்டது. அப்புறம் டம்ளரில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அலசிக் குடித்தாளா, கழுவி வைத்தாளா என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். நாளைக்குக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.